திருக்கூட்டத் தலைமை

(குடமுழுக்கு விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



குடமுழுக்கு என்பது ஒருவர் தனித்துச் செய்யும் செயல் அன்று. கல்லைச் செதுக்கும் சிற்பியர், சாரம் கட்டுவோர், சுதை வேலை செய்வோர், வேள்விச்சாலையில் அமரும் சிவாசாரியர், திருமுறை ஓதும் ஓதுவாமூர்த்திகள், நாகசுரமும் தவிலும் முழக்குவோர், மடைப்பள்ளியில் அமுது சமைப்போர், பற்றுச்சீட்டு எழுதிப் பொருள் திரட்டுவோர், வெயிலில் வருவோர்க்கு நீர்மோர் வார்ப்போர் என எத்தனையோ கைகள் கூடிய பின்னரே, விமானத்துக் கலசத்தின்மேல் ஒரு குடம் நீர் விழுகின்றது. இத்தனை கைகளையும் ஒரு நெறியில் நிறுத்துபவர் ஒருவர் வேண்டும். அவரே கூட்டத்தின் தலைவர்.

குடமுழுக்கு நாளன்று பல்லாயிரவர் கூடுகின்றனர். மண்டலாபிடேகம் 48 நாள் நடைபெறுகின்றது. அதன்பின் பல ஊர்களில் நிகழ்வது யாது? சில ஆண்டுகளுக்குள் ஒருகாலப் பூசைக்கு எண்ணெய் இல்லை. நந்தவனத்தில் பூ இல்லை. கோபுரத்தில் அரசங்கன்று வேர் விடுகின்றது. பொருள் இன்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லுதல் பொருந்தாது. திருப்பணிக்குப் பொருள் தந்த ஊர் அங்கேயே இருக்கின்றது. சிதைந்தது கூட்டமே ஆகும். முதற் பரிவட்டம் யாருக்கு, கல்வெட்டில் யார் பெயர் மேலே, எஞ்சிய பணம் யார் கையில் என்னும் மூன்று வினாக்களுள் ஒன்று கூட்டத்தைப் பிளந்திருக்கும். ஆதலின், நல்ல தலைமை என்பது கோயிலின் வாழ்வையே தாங்கும் பொருளாகும்.

அத்தலைமை பிறப்பால் வருவதோ, செல்வத்தால் வருவதோ எனின், அன்று, கற்றுக்கொள்ளப்படுவது. இதற்குச் சான்றாக ஒரு நூலும் இரண்டு ஊர்க் கல்வெட்டுகளும் உள்ளன. நூல், சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணம். கல்வெட்டுகள் உத்தரமேரூரிலும் தஞ்சைப் பெருங்கோயிலிலும் உள்ளவை.

நெஞ்சில் உள்ளது நடையில் தெரிதல்

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் திருக்கூட்டம் நிறைந்திருந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் பூங்கோயிலை வழிபட வருகின்றார். இவ்வடியவர்க்கு அடியவனாகும் பேறு தமக்கு என்று வாய்க்கும் என்னும் ஏக்கம் அவர்தம் உள்ளத்தில் இருந்தது என்கிறார் சேக்கிழார். ஆயினும் மண்டபத்தினுட் புகுந்து வணங்காது, ஒருபால் ஒதுங்கிக் கோயிலுக்குள் சென்றார். மலைநாட்டுச் செங்குன்றூரிற் பிறந்த விறன்மிண்டர் இதனைக் கண்டார். அடியாரை வணங்காது செல்லும் நம்பியாரூரன் இத்திருக்கூட்டத்திற்குப் புறம்பானவன் என்றார். அவனை ஆண்டுகொண்ட பெருமானும் புறம்பே என்றார்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சுந்தரர் நெஞ்சில் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் கூட்டத்தினர் தலைவரின் நெஞ்சைக் காண்பதில்லை; நடையைக் காண்கின்றனர். உள்ளத்தில் மதிப்பு நிறைந்திருந்தும், கல் சுமப்பவரைக் கடந்து செல்லும்போது நின்று ஒரு சொல் பேசாதவரை, அக்கல் சுமப்பவர் செருக்குடையவர் என்றே கொள்வர். அவர் மேல் பிழை இல்லை. மதிப்பைப் புறத்தே தெரியச் செய்தல் தலைவரின் கடமை.

சுந்தரர் இறைவனுக்குத் தோழர்; தம்பிரான் தோழர் என்றே பெயர் பெற்றவர். தம் தகுதியை எடுத்துக் கூறி விறன்மிண்டரை மறுத்திருக்கலாம். அவர் அங்ஙனம் செய்யவில்லை. இறைவன் முதலெடுத்துக் கொடுக்கத் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். 11 பாடல்கள் கொண்ட அப்பதிகத்தில் தனியடியார் 60 பேருக்கும் தொகையடியார் 9 கூட்டத்தாருக்கும் தம்மை அடியவர் என்று சொல்லிக்கொண்டார். தம்மைப் புறம்பு என்று கூறிய விறன்மிண்டரின் பெயரை முதற் பாட்டிலேயே வைத்தார். கடிந்துரைத்தவரை ஒதுக்காது முன்வரிசையில் அமர்த்திய இச்செயலினும் உயர்ந்த தலைமைப் பாடம் வேறு யாது? இக்காலக் குழுக்களிலோ, விறன்மிண்டர் போன்று பேசுவார் ஒருவர் இருப்பின், அடுத்த கூட்டத்திற்கு அவருக்கு அழைப்பே போவதில்லை! புகழ்வார் பத்துப் பேரும் செய்ய மாட்டாத நன்மையை, அஞ்சாது உரைக்கும் ஒருவர் செய்வார். அவரை இழந்த தலைவர், கண்ணாடி இல்லாத வீட்டில் ஒப்பனை செய்பவர் ஆவார்.

தோட்டமும் ஏரியும்

இனி, உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறுவதைக் காண்போம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, அகத்துள்ளது யாதென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். சம்வற்சர வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர். அவ்வூர் பிரமதேயம், நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலருக்கே அவ்வாரியங்களில் இடம் இருந்தது. அந்த எல்லையை மறைத்துப் புகழவேண்டுவதில்லை. ஆயினும், தலைமையைப் பற்றி அக்கல் கூறும் உண்மை எல்லார்க்கும் உரியது.

அவ்வுண்மை யாது? ஊரின் ஆண்டுக் காரியம் முழுவதையும் பார்க்கும் சம்வற்சர வாரியத்திற்கு யார் தகுதியுடையார் என்றால், முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் அகவையிலும் முதிர்ந்தவர்கள் என்றது அக்கல். முதலில் தோட்டம், ஏரி, பின்னரே ஊர்.

தோட்டம் பொறுமையைக் கற்பிக்கும். இன்று வார்த்த நீருக்கு இன்றே பூ வராது. ஒருநாள் தவறினால் செடி வாடும். ஏரியோ முன்னறிவைக் கற்பிக்கும். கரையில் நண்டுவளை கண்ட அன்றே மண் கொட்டி அடைப்பவன் ஏரி காப்பவன். மழை பெய்து உடைந்த பின் ஓடுபவன் அல்லன். இவ்விரண்டையும் கைப்படக் கற்றவரிடம் ஊரை ஒப்புவிப்பதில் அச்சம் இல்லை. திருமடங்களிலும் புதிதாக வந்த மாணாக்கர் எடுத்தவுடன் சித்தாந்த நூலைக் கையில் வாங்குவதில்லை. பூ எடுத்தல், திருவலகிடுதல், திருவிளக்கிடுதல் என்னும் தொண்டுகளில் அவரை முதலில் நிறுத்துவர். சரியைக்குப் பின்னரே கிரியையும் யோகமும் ஞானமும் என்னும் வைப்புமுறை, வீடுபேற்றுக்கு மட்டுமன்றி உலகியற் காரியங்களுக்கும் பொருந்துவதாகும். ஒருநாளேனும் கூட்டத்தில் ஒருவராய் நின்று பிறர் ஏவல் கேளாதவர், பிறரை ஏவும்போது எங்கே வலிக்கும் என்று அறியமாட்டார்.

காலந்தாழ்த்த அமுது

திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இரண்டு திருமடங்களில் அடியாருக்கு அமுதளித்தனர். இருவருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு அருளினான். அரசர் மடத்தில் உரிய வேளையில் அமுது நிகழ்ந்தது. பிள்ளையார் மடத்திலோ காலம் தாழ்ந்தது. அது ஏன் என்று பிள்ளையார் தம் மடத்துப் பணியாளரை வினவினார். நாவரசர் பெற்ற காசுக்குக் கடையில் உடனே பண்டம் கிடைக்கின்றது என்றும், தாம் பெற்ற காசுக்கு வட்டம் கழிக்க வேண்டியிருப்பதால் காலம் செல்கின்றது என்றும் அவர்கள் உள்ளவாறு கூறினர். அரசர் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். அதனால் அவர் காசு வாசியற்றது என்று பிள்ளையார் உணர்ந்தார். பின்னர் வாசி தீரப் பாடி வேண்டினார்.

இந்நிகழ்ச்சியைத் தலைவராக இருப்போர் பன்முறை எண்ணுதல் வேண்டும். சமையல் தாமதித்ததற்குச் சமைப்பவரைக் கடிவதே உலக வழக்கு. பிள்ளையார் கடியவில்லை, வினவினார். பணியாளரும் அஞ்சாது விடையிறுத்தனர். அவ்விடை, குறை அடுப்பில் இல்லை, தலைவர் தந்த காசில் இருக்கின்றது என்பதே. அதனைக் கேட்டுச் சினவாது, காரணத்தை ஆராய்ந்து களைய முற்பட்டார். ஒரு காரியம் தாமதமாகும்போது, தாம் தரவேண்டிய பொருளும் ஆணையும் காலத்தில் தரப்பட்டனவா என்று முதலில் தம்மையே வினவிக்கொள்பவர் நல்ல தலைவர். கைத்தொண்டு செய்தவரின் காசு உடனே செல்லும் என்பதிலும் ஒரு குறிப்பு உண்டு. கையில் மண் படிந்தவரின் சொல் கூட்டத்தில் வட்டம் இன்றிச் செல்லும். மண் படியாதவரின் சொல்லுக்குக் கழிவு உண்டு!

கல்லில் பொறித்த பெயர்கள்

தஞ்சைப் பெருங்கோயிலை எடுத்தவன் முதலாம் இராசராசன். அவனது 25ஆம் ஆட்சியாண்டில், 1010இல், விமானத்துத் தூபியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான். 200 அடிக்கு மேல் உயர்ந்த அவ்விமானத்தில் தன் பெயர் ஒன்றையே பொறித்திருந்தாலும் அவனைக் குறை கூறுவார் இல்லை. அவன் இட்ட ஆணையோ வேறு. தான் கொடுத்தவற்றோடு, தன் தமக்கை கொடுத்தவையும், தன் தேவியர் கொடுத்தவையும், பிறர் யாவர் கொடுத்தவையும் அந்த விமானத்துக் கல்லிலேயே வெட்டப்படுக என்றான். அதன்படியே தமக்கை குந்தவையாரின் கொடைகளும், கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் எழுந்தருளுவித்த திருமேனிகளும் கல்லில் உள்ளன.

கொடுத்தவர் மட்டுமோ? உழைத்தவரும் உள்ளனர். திருப்பதியம் விண்ணப்பம் செய்வார் 48 பேரும், உடன் முழக்குவார் இருவரும் ஆக 50 பேருக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்று வகுத்து, அவர் பெயர்களையும் வெட்டுவித்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாவது மனையில் இருந்தனர் என்பதும் அங்கே உண்டு. கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர், தச்சர் என ஒவ்வொருவர்க்கும் பங்கு சொல்லப்பட்டது. வீரசோழன் குஞ்சரமல்லன் என்னும் தச்சருக்கு இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் வழங்கியதும் அக்கல்லால் அறியப்படும். அரசன் தன் பெயரையே தச்சன் பெயரோடு சேர்த்தான்!

பெயரைப் பகிர்ந்து கொடுத்ததனால் அரசன் பெயர் குறைந்ததோ? ஆயிரம் ஆண்டு கடந்தும் குறையவில்லை. கல்வெட்டில் தம் பெயர் மேலே வரவேண்டும் என்று வழக்காடும் திருப்பணிக் குழுவினர், ஒருமுறை தஞ்சைக்குச் சென்று அக்கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வருவாராக. புகழைத் தாம் வைத்துக்கொள்பவர் தனியராகி விடுகின்றனர். பங்கிட்டவருக்கோ கூட்டம் நிலைக்கின்றது.

கணக்கு

புகழைப் பகிர்தல் எளிது. பொருளுக்குக் கணக்குக் காட்டுதல் அதனினும் கடினம். தஞ்சைக் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளித்த அணிகலன்களை ஆடவல்லான் என்னும் நிறைகல்லால் நிறுத்து எழுதுகின்றன. முத்து இத்தனை, வைரம் இத்தனை என்று எண்ணி, கோத்த சரடு முதலியவற்றின் எடையை நீக்கி உரைக்கின்றன. அரசன் கொடுத்ததற்கே இத்தனை நுட்பம் என்றால், ஊரார் உண்டியலில் இட்ட காசுக்கு எத்தனை நுட்பம் வேண்டும்?

உத்தரமேரூரார் இன்னும் கடுமையாயினர். முன்னர் ஏதேனும் ஒரு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்றனர். அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் இடலாகாது என்றனர். வாரியம் செய்தவர் மூன்றாண்டு கழியுமுன் மீண்டும் வருதல் கூடாது. குற்றம் கண்டால் ஆண்டு முடியுமுன்னரே நீக்கலாம். தலைவர் நேர்மையுடையவராய் இருத்தல் போதாது. அந்நேர்மை பிறர் கண்டு தெளியும்படி இருத்தல் வேண்டும். கேட்பதற்கு முன் கணக்கைக் காட்டுபவரை ஒருவரும் ஐயுறார். கேட்ட பின் காட்டுபவர் நல்லவரே ஆயினும், ஐயம் முந்திக்கொள்ளும்.

எண்வகை மருந்து

மூர்த்தியைப் பீடத்தில் நிலைபெறச் செய்ய அட்டபந்தனம் சாத்துகின்றனர். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் சேர்ந்தது அது. கல்லும் அதில் உண்டு, வெண்ணெயும் உண்டு. கல் கடினமானது என்று நீக்கினாலும், வெண்ணெய் உருகுவது என்று நீக்கினாலும் மருந்து பிடிக்காது. பதம் வரும்வரை பொறுத்து இடித்தல் வேண்டும்.

கூட்டத்திலும் கல் போன்றவர் உண்டு, பஞ்சு போன்றவர் உண்டு, அரக்குப் போல விரைவில் சூடேறுவாரும் உண்டு. எல்லாரும் ஒருதன்மையராக வேண்டும் என்பவர் தலைமைக்கு உரியர் அல்லர். ஞானாசிரியர் மாணாக்கனின் பக்குவத்திற்கு ஏற்பவே தீக்கை அளிப்பர். அதுபோல, கணக்கில் கூரியவரைப் பந்தி விசாரணைக்கும், முகமலர்ச்சி உடையவரைக் கணக்கு மேசைக்கும் அனுப்பாது, அவரவர் இயல்பு அறிந்து பணி தருதல் வேண்டும். இது சொல்லுதற்கு எளிது. ஆளை அறிய அவரோடு பழகும் காலம் வேண்டும். அக்காலத்தைச் செலவிட மனம் இல்லாதவர், பின்னர்ப் பூசல் தீர்ப்பதில் பன்மடங்கு காலம் செலவிடுவர்.

காவல்

1997 சூன் 7ஆம் நாள் தஞ்சைப் பெருங்கோயிற் குடமுழுக்கின்போது வேள்விச்சாலையின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. 40 பேருக்கு மேல் உயிர் நீத்தனர். அன்பு மேலிட்டு வந்த மக்கள் அவர்கள். அதன்பின் 23 ஆண்டு கழித்து, 2020 பிப்ரவரி 5ஆம் நாள் அக்கோயிலில் மீண்டும் குடமுழுக்கு நிகழ்ந்தது. பக்தி இருப்பின் இடர் வாராது என்று வாளா இருத்தல் தலைவர்க்கு அழகன்று. பந்தலுக்கு எத்தனை வழி, மின்கம்பி எங்கே செல்கின்றது, நீர் நிரப்பிய வாளிகள் எங்கே, முதியோரும் குழந்தைகளும் எவ்வழியே வெளியேறுவர் என்பவற்றை முதல்நாளே நடந்து பார்த்தல் வேண்டும். சாரம் ஏறும் தொழிலாளியின் கயிறு உறுதியா என்று பார்த்தலும் சிவபூசையே. வந்தவர் அனைவரும் நலமாக வீடு திரும்பினால்தான் விழா நிறைவுற்றது என்று கொள்ளத்தகும்.

அடுத்து வருவோர்

தஞ்சைக் கல் மேலும் ஒன்று கூறுகின்றது. பணியாளர் ஒருவர் இறந்தாலும் ஊர் பெயர்ந்தாலும் அவருக்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்க. அவர் தகுதி இல்லாராயின் தகுதியுடைய வேறொருவரை அமர்த்துக என்பது. உரிமையும் மதிக்கப்பட்டது, தகுதியும் கைவிடப்படவில்லை.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) 1847 முடிவில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் சைவச் சொற்பொழிவைத் தொடங்கினார். 1848இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தம்மிடம் கற்ற மாணாக்கரையே அங்கே ஆசிரியராக்கினார். அதனால் 1864இல் சிதம்பரத்தில் மற்றொரு பள்ளியைத் தொடங்க அவருக்கு இயன்றது. முதற்பள்ளி அவர் அருகில் இன்றியும் நடந்தது. தாம் இல்லாதபோதும் நடக்கும்படி செய்தலே தலைமையின் முதிர்ச்சி. தாம் இல்லாவிட்டால் ஒன்றும் நடவாது என்று ஒருவர் மகிழ்வாராயின், அவர் தம் கூட்டத்தை இன்னும் வளர்க்கவில்லை என்பதே பொருள். திறவுகோல், கணக்கு, ஏவும் உரிமை இம்மூன்றையும் இளைஞர் கையில் சிறிது சிறிதாகக் கொடுத்து, அவர் செய்யும் சிறு பிழைகளைப் பொறுத்துத் திருத்துதல் வேண்டும்.

பூசலார் முன் நின்ற அரசன்

காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் கடவுள்மங்கலத்திற்கு நாள் குறித்தான். அந்நாளில் திருநின்றவூர் அன்பன் ஒருவன் எடுத்த ஆலயத்தில் தான் புகுவதாகவும், அரசன் தன் நாளை மாற்றிக்கொள்ளும்படியும் இறைவன் கனவில் உரைத்தான். அரசன் திருநின்றவூர் சென்று கோயிலைத் தேடினான். அங்கே அவ்வன்பர் எடுத்த கோயில் எதுவும் இல்லை என்றனர். பொருள் இன்மையால் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் தூபி வரை கட்டி முடித்த பூசலாரைக் கண்டு, அரசன் நிலமுறப் பணிந்தான்.

படையும் பொருளும் உடைய வேந்தன், நாள் குறித்து முடிந்த பின்னரும், தன் பணியினும் உயர்ந்த பணி உண்டு என்று அறிந்தவுடன் இறங்கி நடந்தான். கூட்டத்தின் கடைவரிசையில் பெயர் அறியப்படாது அமர்ந்திருப்பவர் ஒருவர் நெஞ்சில் முழுக்கோயில் இருக்கக்கூடும். அவரைத் தேடிச் செல்லும் கால்களே தலைவர்க்கு வேண்டுவன.

இத்திருக்கோயிலில் கூடிய கைகள் குடமுழுக்கோடு பிரியாதிருக்க வேண்டும். நாளை விடியலில் கோயிற் கதவைத் திறப்பவர் யார், விளக்குக்கு எண்ணெய் வார்ப்பவர் யார், திருமுற்றம் அலகிடுபவர் யார் என்று இன்றே பேசி முடிவு செய்வீர்களாக. அப்பட்டியலில் தம் பெயரைத் துடைப்பத்தின் நேரே எழுதிக்கொள்பவர் எவரோ, அவரைத் தலைவராகக் கொள்ளுங்கள். கூட்டம் நிலைக்கும், கோயிலும் நிலைக்கும்.

திருச்சிற்றம்பலம்